பாரியை மிஞ்சிய வள்ளல்கள்

முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரியைக் காலங்காலமாகப் புகழ்ந்து வருகிறோம். அவன் கொடுத்தது ஒரே ஒரு தேர். அதையும் கொடி பற்றிப் படர இடமில்லாமல் தவிப்பதை நேரில் பார்த்து, மனம் இளகிய பிறகுதான் கொடுத்தான். ஆஸ்திரேலியாவின் புறநகர்களில் வாழும் வள்ளல்கள் அவனைவிடப் பெரியவர்கள். வாங்கிப் போகிறவர் யார், அவருக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறதா என்று அவர்கள் விசாரிப்பதே இல்லை. அவர் வரும் நேரத்தில் விழித்திருந்து அவரைக் கூச்சப்பட வைப்பதும் இல்லை. சக்கரங்களில் காற்று குறையாமல், விளக்குகள் பழுதில்லாமல், அடுப்பும் மெத்தையும் தண்ணீரும் உள்ளே வைத்து, ஒரு வீட்டையே தெருவைப் பார்த்து நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வீட்டுக்குக் கேம்பர் டிரெய்லர் என்று பெயர். காருக்கோ யூட் வண்டிக்கோ பின்னால் மாட்டி இழுத்துப் போகும் இரும்புப் பெட்டி. போய்ச் சேர்ந்த இடத்தில் மூடியைத் திறந்து விரித்தால் கான்வாஸ் கூடாரம் எழும்பும். பக்கத்தில் இழுத்தால் ஸ்டவ்வும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வெளியே வரும். உள்ளே பெரிய மெத்தை, பிள்ளைகளுக்குப் படுக்கை, ஃபிரிட்ஜ், அதற்கு மின்சாரம் கொடுக்கப் பேட்டரியும் சோலார் தகடும். சாதாரணமானது சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். கரடுமுரடான பாதைக்கென்றே செய்தவை 50,000 டாலரையும் தாண்டும். விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் மலைக்கும், மர்ரே ஆற்றங்கரைக்கும், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்கும், துணிந்தவர்கள் வடக்கே கேப் யார்க் முனை வரைக்கும் இதை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஈஸ்டருக்கு நான்கு நாள், டிசம்பர், ஜனவரியில் பள்ளிக்கூட விடுமுறை. அந்த நாள்களுக்காக வருஷம் முழுக்கக் காசு சேர்க்கும் குடும்பங்கள் ஏராளம். மெல்பர்னில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆற்றங்கரையில் இட்லிப் பானையில் ஆவி பறக்க, பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் என்னவென்று எட்டிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த ஈகையில் முதல் மரியாதை வண்டியைச் செய்கிறவர்களுக்கே உரியது. டிரெய்லரின் முன்தண்டு நுனியில், கவிழ்த்து வைத்த கிண்ணம்போல ஒரு கப்ளிங் இருக்கும். காரின் பின்பக்கத்தில் இருக்கும் இரும்புக் குண்டின்மேல் அதை இறக்கிக் கொக்கியை மூடினால் போதும், இரண்டும் ஒன்றாகிவிடும். அமெரிக்காவில் இந்தக் குண்டு மூன்று அளவுகளில் புழங்குகிறது. வண்டியை எடுத்துப் போக வருகிறவர் எந்த அளவைக் கொண்டுவருவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியா அந்தக் கவலையையும் வைக்கவில்லை. இங்கே 50 மில்லிமீட்டர் குண்டுதான் நாடு முழுக்கப் பொது வழக்கு. முன்தண்டைத் தூக்கி இறக்க ஜாக்கி வீல் என்று ஒரு சின்னச் சக்கரமும் கைப்பிடியும் வண்டியோடேயே வருகின்றன. எடை குறைந்த வண்டி என்றால் இரண்டு பேர் சேர்ந்து சத்தமில்லாமல் தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விடலாம். அதற்கப்புறம் 7 முள் பிளக்கையோ 12 முள் பிளக்கையோ காரில் செருகினால் பின்விளக்கும் இண்டிகேட்டரும் ஒழுங்காக எரியும். எடுத்துப் போகிறவர் சாலை விதி ஒன்றைக்கூட மீற வேண்டிய நிலை வராது. இவ்வளவும் சில நிமிட வேலை.

விலை உயர்ந்த வண்டிகளில் குண்டுக்குப் பதிலாகத் தடித்த முளையில் மாட்டும் டி.ஓ.35 போன்ற கப்ளிங் வரும். அதற்குப் பொருத்தமான முளை வேண்டும். அதையும் கடையில் விற்கிறார்கள்.

கேரவன், கேம்பர் கண்காட்சி ஒன்றுக்குப் போனால் இந்தத் தொழிலின் பெருந்தன்மை முழுசாகத் தெரியும். அப்படி ஒன்றில் ஒரு விற்பனையாளர் வண்டி வண்டியாக அழைத்துப் போய்க் காட்டினார். தானே மெதுவாக மூடிக்கொள்ளும் இழுப்பறை, மசாலா டப்பா வைக்கத் தனி அடுக்கு, இரவில் கண்ணை உறுத்தாத மஞ்சள் விளக்கு, கொசு வராத வலை, போனிலிருந்தே பார்க்கக்கூடிய பேட்டரி அளவு என்று ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. வீட்டுச் சமையலறையில்கூட அவ்வளவு நுணுக்கம் கிடையாது. வண்டியை யாரும் எடுத்துப் போகாமல் இருக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பூட்டு வெளியே எந்தக் கடையிலும் கிடைக்கும், உங்களுக்குப் பிடித்ததை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். வாங்குகிறவரின் விருப்பத்தில் தலையிடாத அந்த நாகரிகம் எனக்கு மறக்கவில்லை. மசாலா டப்பாவை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, வண்டி யாருடையதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை நம்மிடமும் ஊராரிடமும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கப்ளிங்கைக் குனிந்து பாருங்கள். அது முன்தண்டோடு சேர்ந்திருப்பது சில போல்ட்டுகளால். பல வண்டிகளில் அந்த போல்ட்டுகளின் தலையும் நட்டும் வெளியே தெரியும்படியே இருக்கும். ஒரு ஸ்பேனர் போதும். பூட்டிய கப்ளிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, தான் கொண்டுவந்த கப்ளிங்கை அதே துளைகளில் மாட்டிக்கொண்டு ஒருவர் கிளம்பிப் போகலாம். வீட்டுக்காரர் போட்ட பூட்டுக்குச் சேதம் வராது. விடிந்து பார்த்தால் அது சாவி திரும்பாமல், கீறல் விழாமல், கப்ளிங்கை இறுகப் பிடித்தபடி தரையில் கிடக்கும். தனக்கு இட்ட கடமையில் அது ஒரு நூல்கூடப் பிசகியிருக்காது.

அமெரிக்காவில் சாமான் அறைக் கதவுகளின் பூட்டில் இந்தத் தாராளம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. சிஎச்751 என்ற ஒரே எண்ணுள்ள சாவி எண்ணற்ற கேம்பர் வண்டிகளின் சாமான் அறைகளைத் திறக்கும். அந்தச் சாவியைச் சில டாலருக்கு யாரும் வாங்கிக்கொள்ளலாம். சாவி தொலைந்துவிட்டதே என்று அங்கே எந்தக் குடும்பமும் நடுக்காட்டில் கலங்கி நிற்க வேண்டியதில்லை. பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் அவருடைய சாவியே பொருந்திவிடும். ஒற்றுமை என்றால் அது.

பூட்டைப் பற்றிப் பேசும்போது ஔவையார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன இடத்தில், அவன் படைக்கலங்களைக் காட்டினான். உன் ஆயுதங்கள் அலங்காரத்தோடும் மினுக்கத்தோடும் பத்திரமாக இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாராட்டிவிட்டு வந்தார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதே பாராட்டை நான் பல நண்பர்களின் கராஜ்களில் மனதாரச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு அழகான பூட்டுகள்! மஞ்சள் வண்ணம் மங்கவில்லை. சாவித் துளையில் தூசி இல்லை. சிலவற்றில் கடை அட்டைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. மழை படாமல், வெயில் படாமல், கருவிப் பெட்டியின் மேல்தட்டில் வைத்துக் காக்கிறார்கள். வெளியூர் போகும்போது மட்டும், மறக்காமல் இருந்தால், எடுத்துப் போகிறார்கள். வண்டி வருஷத்தில் பெரும்பாலான இரவுகளைக் கழிப்பது வீட்டு வாசலில். அங்கேதான் பூட்டுக்கு ஓய்வு.

பூட்டை மாட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய நம்பிக்கையும் போற்றத்தக்கது. பார்க்க இரும்புபோல இருக்கும் வார்ப்பு உலோகப் பூட்டு, நாலு சுத்தியல் அடியில் இரண்டாகும் வகை, கடை அடுக்கில் மிகப் பளபளப்பான அட்டையோடு தொங்குவது அதுதான். அதே கடையில் இரண்டு வரிசை தள்ளி 18 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் இருக்கும். 125 மில்லிமீட்டர் வட்டத் தகடு. மின்வயர் தேவையில்லை. கடைக்காரர் இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே முகத்தோடு விற்கிறார்.

கப்ளிங்கைப் பூட்டியவர்கள் பாதுகாப்புச் சங்கிலியைத் தொங்கவிடுவதையும் சொல்ல வேண்டும். ஓடும்போது கப்ளிங் கழன்றுவிட்டாலும் டிரெய்லர் காரைவிட்டுப் பிரியக் கூடாது என்று சட்டம் கேட்கும் சங்கிலி அது. அதாவது கப்ளிங் இல்லாமலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் வலிமை அதற்கு உண்டு. பூட்டு கப்ளிங்கில், இழுக்கும் வழி சங்கிலியில். அந்தச் சங்கிலியை இன்னொரு காரில் சுற்றி அடுத்த தெரு வரை மெதுவாக இழுத்துப் போய், அங்கே வைத்து நிதானமாகப் பூட்டை அறுக்கலாம். வேலை செய்கிறவருக்குத் தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவோமோ என்ற சங்கடம் வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

கண்காணிப்புக் கருவி வைத்திருப்பவர்களை மறந்தால் பாவம். பூட்டு பழைய காலத்து விஷயம், எங்கே போனாலும் போனில் பார்த்துக்கொள்வோம் என்பது அவர்கள் வாதம். பலர் வைப்பது ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக். 2021 ஏப்ரலில் வெளிவந்த காசளவு வட்டத் தகடு. ஒருவர் இன்னொருவரை, குறிப்பாக ஒரு பெண்ணை, ரகசியமாகப் பின்தொடர அதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்று ஒரு நல்ல ஏற்பாடு அதில் உண்டு. உரிமையாளர் உடன் இல்லாத ஏர்டேக் வேறொருவரோடு சேர்ந்து நகர்ந்தால், அவருடைய போனுக்கு அறிவிப்பு வரும். உரிமையாளரைப் பிரிந்து 8 முதல் 24 மணி நேரம் கழிந்த பின் அது நகர்த்தப்பட்டால் ஒலியும் எழுப்பும். மனிதர்களைக் காக்க இது தேவையானது, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் வண்டியை எடுத்துப் போகிறவரும் மனிதர்தானே! அவர் போனும் அதே மரியாதையோடு அவருக்குத் தகவல் சொல்லிவிடும். அவர் அதைத் தேடி எடுத்துச் சாலையோரம் போட்டுவிட்டுப் போவார். வீட்டுக்காரர் போனில், வண்டி ஒரு நெடுஞ்சாலைப் புல்தரையில் அசையாமல் பத்திரமாக நிற்பதாகத் தெரியும். ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளிக்குப் போய்விட்டாலோ அதுவும் தெரியாது. பக்கத்தில் யாருடைய ஆப்பிள் போனாவது இருந்தால்தான் அந்தத் தகடு தன் இருப்பைச் சொல்ல முடியும்.

சிம் கார்டு போட்ட ஜி.பி.எஸ். கருவி இதைவிட மேல். அதை வைத்திருப்பவர்களில் சிலருடைய நிம்மதியை நான் வியக்கிறேன். டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் ஆகிய தொலைபேசி நிறுவனங்கள் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்கின. 3ஜியை மட்டுமே நம்பியிருந்த பழைய கருவிகள் அதோடு ஊமையாகிவிட்டன. வண்டியில் கருவி இருக்கிறது, விளக்குகூட எரிகிறது, ஆனால் அது பேசுவதைக் கேட்க ஆள் இல்லை. அந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்காமலே வருஷக்கணக்கில் நிம்மதியாகத் தூங்குவது எல்லோருக்கும் வாய்க்காது. வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலேயே கருவியை இணைத்துவிட்டு, தனக்கென்று உள்பேட்டரி இல்லாததை வாங்கியவர்களும் அந்த வரிசைதான். பேட்டரி வயரைப் பிடுங்கியதும் கருவியும் கண்ணை மூடிக்கொள்ளும்.

இத்தனை வள்ளல்கள் வாழும் தெருவில் ஒரு கஞ்சனும் இருக்கிறார். பழிக்காமல் விட மனம் வரவில்லை. மால்டா தீவிலிருந்து வந்து, மெல்பர்ன் மேற்குப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் வெல்டராக வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர். அவரிடம் இருப்பது பழைய கேம்பர் டிரெய்லர், கான்வாஸில் இரண்டு ஒட்டு. அதை ஒருவருக்கும் கொடுக்க மனமில்லாமல் அவர் செய்யும் காரியங்களைப் பாருங்கள்.

வண்டியைப் பின்பக்கமாக அல்ல, முன்பக்கமாக உள்ளே தள்ளி, முன்தண்டு வீட்டுச் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துகிறார். வருகிறவர் கப்ளிங்கைத் தொடவே சுவரோரம் ஒடுங்கிப் போக வேண்டும். வாசலை அடைத்துத் தன் காரைக் குறுக்கே போடுகிறார். ஜாக்கி வீலைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறார். முன்தண்டு தரையோடு படுத்துக் கிடக்கிறது. அதைத் தூக்க வருகிறவர் தன் இடுப்பை நம்பித்தான் தூக்க வேண்டும். கான்கிரீட் தரையில் தோண்டி ஒரு வளையத்தைப் பதித்திருக்கிறார். அதிலிருந்து புறப்படும் தடித்த சங்கிலி, முன்தண்டில் சுற்றி நின்றுவிடாமல், சக்கரத் துளை வழியாகப் போய், வண்டியின் அடிச்சட்டத்தையும் சுற்றி வருகிறது. பூட்டின் வளைவு வெளியே தெரியாதபடி இரும்பு உறை. கிரைண்டர் தகடு நுழைய இடம் இல்லை. சங்கிலி தரையில் கிடக்காமல் இறுக்கமாக மேலே தொங்குவதால், தரையைத் தாங்கலாக வைத்து அடித்து உடைக்கவும் வழியில்லை. இன்னொரு சக்கரத்தில் கிளாம்ப். அதுவும் வீல் நட்டுகளை மூடும் வகை. சக்கரத்தையே கழற்றி வேறு சக்கரம் மாட்டிக்கொள்ளலாம் என்று வருகிறவருக்கு அங்கேயும் ஏமாற்றம். கப்ளிங் போல்ட்டுகளில் சாதாரண ஸ்பேனர் பிடிக்காத நட்டு போட்டிருக்கிறார். பாதுகாப்புச் சங்கிலிகளைச் சுருட்டிப் பூட்டோடு பூட்டாக அடைத்துவிடுகிறார்.

அவருடைய பூட்டுகளைப் பார்க்கச் சகிக்காது. துரு, கீறல், எண்ணெய்க் கறை. மாதம் ஒருமுறை வெளியே உட்கார்ந்து சாவித் துளைக்கு எண்ணெய் விடுவார். எதற்கு ஐயா இவ்வளவு, எந்தப் பூட்டையும் உடைக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். உடைக்கலாம், எல்லாவற்றையும் உடைக்கலாம், எனக்குத் தெரியும், நானே வெல்டர் என்றார். "நான் அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது அவன் நேரம். நான் கொடுப்பது சத்தம்." இதற்குமேல் ஒரு மனிதனின் கருமித்தனத்துக்கு என்ன சாட்சி வேண்டும்? இரவு இரண்டு மணிக்கு வேலைக்கு வருகிறவருக்கு ஒரு சங்கிலி, ஒரு கிளாம்ப், ஒரு உறைப்பூட்டு, மூன்று இடத்தில் கிரைண்டர் கிறீச்சிடல், தெருவிளக்கு வெளிச்சம், குரைக்கும் நாய்கள். அவர் அடுத்த தெருவில் இருக்கும் வள்ளல் வீட்டைத் தேடிப் போவதில் வியப்பு என்ன?

பிரிட்டனில் தொழிலே இப்படிக் கஞ்சத்தனத்தில் இறங்கிவிட்டது. அங்கே இழுவைக் கேரவனுக்கு அரசுப் பதிவு கிடையாது, இழுக்கும் காரின் நம்பர் பிளேட்டையே கேரவனும் போட்டுக்கொள்ளும். எடுத்துப் போகிறவர் தன் கார் எண்ணை மாட்டிக்கொண்டாலே எல்லாம் முறைப்படி ஆகிவிடும் என்கிற அந்த அருமையான சௌகரியத்தைக் கெடுக்கத் தொழில்காரர்களே முன்வந்தார்கள். 1992இலிருந்து கிரிஸ் என்னும் பதிவேட்டை நடத்தி, கேரவனின் 17 எழுத்தெண் கொண்ட அடையாளத்தைக் கண்ணாடி ஜன்னல்களிலேயே பொறிக்கிறார்கள். 2016இலிருந்து கண்ணுக்குத் தெரியாத மின்னணுச் சில்லையும் உடம்புக்குள் பதிக்கிறார்கள். பல கேரவன்களில் சக்கரப் பூட்டு வந்து பொருந்தும் ஏற்பியை அடிச்சட்டத்திலேயே தொழிற்சாலையில் வைத்து அனுப்புகிறார்கள். சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் போடுகிறது. வாங்குகிறவர் அட்டையின் பளபளப்பை நம்ப வேண்டிய இன்பம் அங்கே பறிபோய்விட்டது.

ஆஸ்திரேலிய டிரெய்லருக்குச் சொந்த நம்பர் பிளேட் உண்டு, 17 எழுத்தெண்கள் கொண்ட வி.ஐ.என். அடையாளமும் உண்டு. அதைச் சட்டத்தில் பொறித்தோ தகட்டில் அடித்தோ வைத்திருப்பார்கள். இவ்வளவு இருந்தும் நம் வள்ளல்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் அவர்கள் பெருமை. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது ஈகைக்கு அழகல்ல. வண்டி போனதும் போலீஸ் முதலில் கேட்பது அந்த எண்ணை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தது நம்பர் பிளேட் எண் மட்டும். அந்தப் பிளேட்டோ இரண்டு ஸ்குரூவில் நிற்பது. முதலில் கழன்று விழுவது அதுதான். நம் மால்டாக் கஞ்சன் அந்த 17 எழுத்தெண்களையும் மின்பேனாவால் சமையல் இழுப்பறையின் அடிப்பக்கத்திலும், தண்ணீர்த் தொட்டியின் பின்புறத்திலும், வெளியாருக்குச் சொல்லாத வேறு இடங்களிலும் பொறித்திருக்கிறார். வண்டியின் ஒவ்வொரு நசுங்கலுக்கும் படம் எடுத்து வைத்திருக்கிறார். கான்வாஸின் இரண்டு ஒட்டுகளுக்கும்தான்.

எடுத்துப் போகிறவரும் கொடுக்கிறவரும் மட்டும் இருந்தால் இந்த அறம் நிலைக்காது. வாங்குகிறவரும் வேண்டும். அவரையும் வாழ்த்துகிறேன். இணையத்தில் விளம்பரம், பாதி விலை, சந்திப்பது ஒரு கார் நிறுத்துமிடத்தில், ரசீது இல்லை, கையில் ரொக்கம். பி.பி.எஸ்.ஆர். என்னும் அரசுப் பதிவேட்டில் வி.ஐ.என். எண்ணைக் கொடுத்து 2 டாலர் கட்டினால், அந்த வண்டிமேல் கடன் இருக்கிறதா, திருட்டுப் புகார் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவரைப் போய் 2 டாலருக்காகச் சந்தேகிப்பதா என்று அவர் விட்டுவிடுகிறார். பல ஆயிரம் டாலரை எண்ணிக் கொடுக்கும் கை, 2 டாலரில் காட்டும் இந்தச் சிக்கனம்தான் முழுத் தொழிலையும் வாழ வைக்கிறது. பிறகு ஒருநாள் உண்மை தெரிந்து வண்டி உரியவரிடம் போகும்போது, அவரும் ஒரு வள்ளலாகிவிடுகிறார்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சொல்கிறவர்கள் உண்டு. பாலிசிப் புத்தகத்தைப் பிரிக்காமலே அதன்மேல் வைத்திருக்கும் பக்தி அது. ஆளில்லாமல் நிற்கும்போது கப்ளிங் பூட்டு போட்டிருக்க வேண்டும் என்று சில பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். உள்ளே இருக்கும் சாமான்களுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். முன்கூட்டி ஒப்புக்கொண்ட தொகையா, அன்றைய சந்தை விலையா என்பதைப் பொறுத்துக் கையில் வரும் பணம் மாறும். இதையெல்லாம் வண்டி போன பிறகு, ஒரே இரவில், வரிவிடாமல் படித்து முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

என் நண்பர் குடும்பம் அப்படித்தான் படித்தது. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை இரவு எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டார்கள். விடியற்காலை கிளம்பினால் போக்குவரத்து நெரிசலுக்கு முன்னால் கிராம்பியன்ஸ் போய்ச் சேரலாம் என்பது கணக்கு. ஃபிரிட்ஜில் பிள்ளைகளுக்குத் தயிர்சாதம், மறுநாளைக்கு அரைத்த மாவு. இழுப்பறையில் அவர் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பித்தளை வடிகட்டி. பெரியவளின் தொலைநோக்கி, சின்னவனின் தலையணை. கிளம்ப வசதியாக முன்தண்டைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். பூட்டும் போட்டிருந்தார்கள், ஒன்று. காலை ஐந்து மணிக்குச் சின்னவன்தான் முதலில் வெளியே ஓடினான். திரும்பி வந்து, அப்பா வண்டியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டான். தரையில் பூட்டிய கப்ளிங் கிடந்தது. போலீஸ் போனில் வி.ஐ.என். எண்ணைக் கேட்டபோது நண்பர் வாங்கிய ரசீதைத் தேடினார். ரசீது வண்டியின் இழுப்பறையில் இருந்தது.

பணத்தை விடுங்கள், அது சிறிதும் பெரிதுமாகத் திரும்ப வந்துவிடும். அந்தக் குடும்பம் அடுத்த இரண்டு விடுமுறைக்கும் எங்கேயும் போகவில்லை. பிள்ளைகள் இரவில் வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்த வள்ளன்மையை இவ்வளவு விரிவாகப் பாட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வண்டி செய்கிறவர்கள் பாரியின் புகழை இனி பாரிக்கே விட்டுவிடலாம். அடுத்த கண்காட்சியில் மசாலா அடுக்கைக் காட்டும் முன், ஸ்பேனர் பிடிக்காத போல்ட்டையும், அடிச்சட்டத்தில் பற்றவைத்த சங்கிலி வளையத்தையும், ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு சாவியையும் காட்டட்டும். வாங்கப் போகிறவர்கள் அதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் இன்று இரவே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். முன்தண்டுப் பக்கம் குனிந்து, அந்த 17 எழுத்தெண்களைத் தேடி, போனில் படம் எடுத்து, அதை வண்டிக்குள் அல்லாமல் வீட்டுக்குள் வையுங்கள். ஜாக்கி வீலைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். கராஜில் மினுமினுத்துக்கொண்டிருக்கும் அந்தப் பூட்டை எடுத்துப் போய் மாட்டுங்கள். துருப் பிடித்தால் பிடிக்கட்டும்.